சிவப்புக் கொடியும் சைக்கிள் கடை அத்தையும்

வீட்டில் முதல் ஆளாகப் படித்தவர்களிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்வார்கள். இருபத்திரண்டு வயதில் எனக்கு அது முற்றிப் போயிருந்தது. அம்மாவுக்கு இஸ்திரிப் பெட்டி எப்படிச் சூடாகிறது என்று விளக்கினேன். பக்கத்து வீட்டு ஆன்டிக்கு மழை எப்படிப் பெய்கிறது என்று விளக்கினேன். (அவர் அப்போது மழைக்கு முன்னால் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்து அள்ளியிருக்கலாம்.) ரயில் பட்டறையில் இருபத்தெட்டு வருடமாக வேலை செய்துவந்த அப்பாவுக்கு, ரயில் ஏன் தண்டவாளத்தை விட்டு இறங்குவதில்லை என்று படம் வரைந்து விளக்கியவளும் நான்தான். அப்பா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்பப்ப இறங்கும்மா. நாங்கதான் தூக்கி வைக்கிறோம்" என்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் கம்ப்யூட்டர் டிப்ளோமா வாங்கியதும் அப்பா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாமிக்குக் காட்டும் கற்பூரத்தை அதற்கும் காட்டிவிடுவார். தெருவில் யாராவது விசாரித்தால் அப்பா, "என் மக கம்ப்யூட்டர் படிச்சிருக்கா" என்று சொல்ல மாட்டார். "என் மக கம்ப்யூட்டர்" என்பார். அவ்வளவுதான்.

இந்தக் கம்ப்யூட்டருக்கு முதல் வேலை வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ஓர் அச்சகத்தில் கிடைத்தது. தொண்ணூறுகளின் பின்பாதி அது. கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், முப்பத்தோராம் நாள் கிரியை அழைப்பு எல்லாம் அங்கே அச்சாகும். முதலாளி சிவஞானம் ஐயா அரசாங்கத்தில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். கவுண்டரில் புஷ்பா அக்கா. கல்யாணக் கார்டு உறைகளில் முகவரி எழுதுவது அக்காவின் வேலை. பதினைந்து வருடமாக எழுதுகிறார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் நான் ஐயாவிடம் சொன்னேன்: "அக்கா ரெண்டு நாள் எழுதுறதைக் கம்ப்யூட்டர் ஒரே காலையில முடிச்சிரும் ஐயா." அக்காவை வைத்துக்கொண்டே சொன்னேன். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்ப நான் இனிமே வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்லா" என்றார். அது கோபம் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. சரி என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டருக்கு வரிசையாகக் கட்டளை சொல்லும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தட்டச்சு செய்து வைத்த முகவரிப் பட்டியலை அது எடுத்துக்கொள்ளும். இரண்டு முறை வந்த பெயர்களை நீக்கும். செலாயாங் எல்லாம் ஒன்றாக, பங்சார் எல்லாம் ஒன்றாக, கிள்ளான் எல்லாம் ஒன்றாக என்று ஊர்வாரியாகப் பிரிக்கும். வீட்டு எண், தெரு, ஊர் என்று வரிவரியாக அடுக்கி, கடைசியில் ஒட்டுத்தாள்களில் அச்சடித்துத் தள்ளும். அந்தப் பழைய இயந்திரத்துக்கு இதற்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் எல்லாம் பின்னணியில் நடக்கும். திரையில் ஒன்றும் தெரியாது. அடுப்பில் இட்லி வேகிறபோது கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும், அந்த மாதிரி.

இதுதான் சிக்கல். முதல் முறை ஓடவிட்டு நான் சாப்பிடப் போன நேரத்தில் ஐயா கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டார். "ஒண்டும் செய்யாமல் சும்மா எரிஞ்சு கொண்டிருந்தது பிள்ளை. நிப்பாட்டிப்போட்டன்" என்றார், ஏதோ நல்ல காரியம் செய்தவர் போல. இரண்டாவது முறை புஷ்பா அக்கா தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலுக்காக அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். (தவறுதலாகத்தான் என்று இன்று வரை சொல்கிறார்.)

அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடி நான் புலம்பித் தீர்த்தேன். உள்ளே வேலை நடக்கிறது என்று வெளியே இருப்பவருக்கு எப்படித்தான் தெரிவிப்பது?

"ஒரு கொடி வச்சிருக்க வேண்டியதுதானே?" என்றார் அப்பா.

பட்டறையில் ஒருவர் வேகனுக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது அதன் முனையில் ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிட்டுத்தான் அடியில் போவார். கொடி இருக்கும்வரை அந்த வேகனை யாரும் நகர்த்தக் கூடாது. நட்டவர்தான் அதை எடுக்க வேண்டும். வேறு ஒருவர், மேலதிகாரியாகவே இருந்தாலும், தொடக் கூடாது. இதைச் சொல்லிவிட்டு அப்பா ஒரு கதையும் சொன்னார். "ஒருத்தன் கொடியை நட்டுட்டு டீ குடிக்கப் போனான். போன இடத்துல தூங்கிட்டான். அவன் எந்திரிச்சு வர்ற வரைக்கும் அந்த லைன்ல ஒரு வேகனும் நகரல." நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அப்பா சொன்னதில் முதல் பாதியை நான் பாடமாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவது பாதியை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகளில் அது ஒன்று.

கம்ப்யூட்டர் திரையின் கீழே ஒரு நீளப் பட்டை இருக்கும் அல்லவா? அதன் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஐகான் தெரிய வேண்டும். ஸ்கிரிப்ட் ஓடும்போது இருக்க வேண்டும். முடிந்ததும் மறைய வேண்டும். நகத்தளவு கட்டத்துக்குள் புள்ளி புள்ளியாகச் சிவப்புக் கொடி ஒன்று வரைந்தேன். ஒரு முழு மதியம் ஆனது. புஷ்பா அக்கா எட்டிப் பார்த்து, "என்னா இது, மிளகாயா?" என்றார்.

"கொடிக்கா."

"காம்போட இருக்கே."

"அது கம்பம்கா!"

ஸ்கிரிப்டின் முதல் வரியில் கொடியை ஏற்று என்று எழுதினேன். நடுவில் வேலை. கடைசி வரியில் கொடியை இறக்கு. பார்க்கவே அழகாக இருந்தது. நடுவில் தடுக்கி விழுந்தால் கடைசி வரிக்கு யார் போவார்கள் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. (டிப்ளோமாவில் அதைக் கேட்கவில்லை.)

என் மூன்று மாதச் சோதனைக் காலம் ஒரு சனிக்கிழமையோடு முடிந்தது. அதே சனிக்கிழமை மாலைக்குள் ஒரு கிள்ளான் கல்யாணத்தின் அறுநூறு உறைகள் தயாராக வேண்டும். ஐயா இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். "பின்னேரம் கிள்ளான் ஆக்கள் வருவினம். உறை எல்லாம் முடிஞ்சிருந்தால் உம்மட வேலைக் கடிதத்தில கையெழுத்து வைக்கிறன்."

"முடியலைன்னா ஐயா?"

"பாப்பம்."

ஐயா "பாப்பம்" என்று சொன்ன எதையும் அவர் பிறகு பார்த்து நான் கண்டதில்லை.

அன்று அப்பாவுக்கு விடுமுறை. மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்தார். தைப்பூசத்துக்கு மட்டும் வெளியே வரும் வெள்ளைச் சட்டை, கையில் எனக்கும் அவருக்குமாகச் சோறும் நெத்திலிச் சம்பலும் வைத்த டிபன் கேரியர். வாசலில் செருப்பைக் கழற்றினார். "செருப்போட வாங்க அங்கிள், இது கடைதான்" என்று அக்கா சொல்லியும் கேட்கவில்லை.

காலை பத்து மணிக்கு ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். கொடி ஏறியது. அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். பின்னணியில் ஓடுவது என்றால் என்ன, ஏன் திரையில் தெரியாது, இட்லி எப்படி வேகிறது, எதையும் விடவில்லை. அப்பா மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து அந்த மூலையைப் பார்த்தார்.

"நம்ம கொடியா?"

"நம்ம கொடிதாம்பா."

விரல் நுனியை அதன் பக்கத்தில் வைத்து அளந்தார். பிறகு, "இவ்வளவு சின்னதா இருக்கே. வர்றவன் கண்ணுக்குத் தெரியுமா?" என்றார்.

அப்போதுதான் ஒட்டுத்தாள் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டே தாள்கள். வாங்கி வைக்க வேண்டியவள் நான்தான். (கொடி வரைந்துகொண்டிருந்தேன்.) அந்தத் தாள் கிடைக்கும் கடை சுங்கை வேயில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் போய் வந்துவிடலாம், அதற்குள் ஸ்கிரிப்டும் முடியும் தருவாயில் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பையை எடுத்தேன். போகிற போக்கில், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் பெருமையாக, "அப்பா, கொடி இருக்கிற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க, சரியா?" என்றேன்.

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். அப்பா முக்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். "போயிட்டு வா."

போனேன். முதல் கடையில் தாள் இல்லை. இரண்டாவது கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். திரும்பும் வழியில் மினி பஸ் நெடுஞ்சாலை நடுவில் நின்று, டிரைவர் இறங்கி இஞ்சினைப் பார்த்து, இஞ்சின் அவரைப் பார்த்து, அப்படியே ஒரு மணி நேரம் போனது. நான் அச்சகத்துக்குள் நுழையும்போது மணி இரண்டரை.

இடையில் நடந்ததைப் பிற்பாடு எனக்குப் புஷ்பா அக்கா நடித்தே காட்டினார்.

பதினொன்றரைக்கு ஐயா தன் மேசையிலிருந்து எழுந்து வந்திருக்கிறார். இந்நேரம் அச்சு இயந்திரம் கத்தியிருக்க வேண்டுமே, ஏன் சத்தமே இல்லை என்று பார்க்க. "அண்ணை, கொஞ்சம் தள்ளும். என்ன எண்டு பாப்பம்."

"மன்னிக்கணும்யா. கொடி இருக்கு."

"என்ன கொடி?"

அப்பா திரையின் மூலையைக் காட்டியிருக்கிறார்.

"அது படமல்லோ அண்ணை?"

"படம்தான்யா. ஆனா நட்டவ வரணும்."

"இது என்ர கடை."

"உங்க கடைதான்யா. அடியில என் மக வேலை இருக்கு."

அரசாங்கத்தில் முப்பது வருடம் விதிமுறை பார்த்த மனிதர் ஐயா. விதிமுறை என்று ஒன்று எதிரே உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவரால் அதை மீற முடியவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து ஒரே நாளிதழை இரண்டு முறை படித்தாராம்.

பன்னிரண்டுக்கு, கல்யாணப் பெண்ணின் அம்மா ராஜம்மா ஆன்டி, மாலையில் வர வேண்டியவர், கிள்ளானிலிருந்து முன்கூட்டியே வந்துவிட்டார். "என்னா அங்கிள், ரெடியா?"

"ஓடிக்கிட்டு இருக்கும்மா."

"ஒண்ணும் காணோமே."

"பின்னணியில ஓடுது. உள்ள வேலை நடக்கும், வெளிய தெரியாது. இட்லி வேகுற மாதிரிம்மா."

நான் சொன்ன அத்தனையையும், வரிசை மாறாமல், அப்பா அவருக்கு விளக்கியிருக்கிறார். அக்கா இதை நடித்துக் காட்டியபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நான் இத்தனை வருடமாக வீட்டில் போட்ட அறுவைகளை ஒருவர் உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் நுழைந்தபோது அப்பா முக்காலியில் அப்படியே இருந்தார். டிபன் கேரியர் திறக்கப்படவில்லை. தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "கொடி அப்படியே இருக்கு பாத்துக்க. ஒருத்தரும் தொடல."

கொடி அப்படியேதான் இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் மறைந்திருக்க வேண்டிய கொடி, நாலரை மணி நேரமாக. உட்கார்ந்து, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முகவரி முடிந்ததும் நேரத்தோடு எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்தேன். பதினாறு வரிகள் இருந்தன. கடைசி வரியின் நேரம் பத்து மணி மூன்று நிமிடம்.

பதினேழாவது முகவரி இது: "சைக்கிள் கடை அத்தை, பாசார் பின்னால், கிள்ளான். கேட்டால் சொல்வார்கள்." பெண் வீட்டார் கொடுத்த நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை நான்தான் அப்படியே தட்டச்சு செய்திருந்தேன். என் ஸ்கிரிப்ட் வீட்டு எண்ணைத் தேடியது. எண் இல்லை. அப்படி ஒரு வீடு இருக்க முடியும் என்று நான் அதற்குச் சொல்லித் தரவில்லை. அங்கேயே விழுந்து செத்துவிட்டது. கொடியை இறக்கும் கடைசி வரிக்கு வரவே இல்லை. அப்பா மூக்கு இடிக்கக் குனிந்து "நம்ம கொடியா" என்று கேட்டபோதே உள்ளே ஒன்றும் இல்லை.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கரண்டு போய் வந்ததில் கெட்டுவிட்டது என்றால் அந்தக் கடையில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஐயா எழுந்து வந்து பின்னால் நின்றார். அவர் மேசையில் என் வேலைக் கடிதம் கண்ணாடி உருண்டைக்கு அடியில் கிடந்தது. வாய்வரை வந்துவிட்டது அந்தக் கரண்டு. ஆனால் அப்பா கசங்காத வெள்ளைச் சட்டையோடு, காவல் முடித்த களைப்போடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றேன். "அடியில யாரும் இல்லப்பா."

"எப்ப போச்சு?"

"பத்து மூணுக்கே."

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐயா செருமினார். எனக்குத் தரை பிளந்து என்னையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அப்பா மறுபடி குனிந்து அந்த மிளகாயளவு கொடியைப் பார்த்தார். அடியில் யாரும் இல்லை என்று நான் சொன்னதற்கு, கோபமே இல்லாமல், நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்:

"இருந்திருந்தா?"

அப்பா நிமிர்ந்தார்.

"சரி, எடுத்திரு. நட்டவதானே எடுக்கணும்" என்றார். எடுத்தேன்.

அப்போது கவுண்டருக்குக் கீழேயிருந்து புஷ்பா அக்கா ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். உள்ளே முகவரி எழுதிய உறைகள். முன்னூறுக்கு மேல். பதினொரு மணிக்கே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மடியில் வைத்து, மறைத்து மறைத்து எழுத ஆரம்பித்திருக்கிறார். பன்னிரண்டு மணியிலிருந்து ராஜம்மா ஆன்டி முகவரிகளைக் காதோடு காதாக வாசித்துக் கொடுத்திருக்கிறார்.

"மேல வச்சு எழுதுறதுக்கு என்னக்கா?" என்று கேட்டேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"உங்கப்பா பாத்துட்டா? அவ்வளவு நம்பிக்கையா உக்காந்திருக்காரு. நான் எப்படிலா அவரு முன்னால எழுதுவேன்?"

நான் வெற்றிலை போட உட்காரவைத்த அக்கா.

மீதி உறைகளை எழுத எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா, நான், ராஜம்மா ஆன்டி. ஐயாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரசாங்கக் கோப்பு எழுதும் கையெழுத்தில் எழுதினார். பதினேழாவது முகவரியை நான் கேட்டு வாங்கி எழுதினேன். "ஏன் ஆன்டி, இவங்களுக்கு வீட்டு நம்பரே இல்லையா?"

"சைக்கிள் கடை அத்தைக்கு எதுக்கு நம்பர்? கிள்ளான்ல யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க."

"கம்ப்யூட்டருக்கு யாரையும் கேக்கத் தெரியாது ஆன்டி."

"அப்ப அதுக்கு என்னதான் சொல்லிக் கொடுத்தே?"

எழுதத் தெரியாத அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆன்டி தன் பையிலிருந்து குழைத்த மஞ்சள் டப்பாவை எடுத்து நீட்டினார். "அங்கிள், கார்டுக்கு நீங்க மஞ்ச வச்சுருங்க. நல்ல மனசுக்காரவங்க கை." அப்பா கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தார். அறுநூறு கார்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலை. இரும்புத் தகட்டில் ஆணி அடிக்கும் இடத்தைக் குறிப்பவர் போல, ஒரே அளவு, ஒரே தூரம். மூன்றாவது கார்டிலிருந்து ஐயா எழுதுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்குக் கடைசி உறையும் பெட்டிக்குள் போனது. நான் என் பையைக் கட்டினேன். திங்கட்கிழமை முதல் வேறு வேலை தேட வேண்டும். ஐயா கண்ணாடி உருண்டையை நகர்த்திக் கடிதத்தை எடுத்தார். கையெழுத்து வைத்தார்.

"கம்ப்யூட்டருக்காக இல்லைப் பிள்ளை" என்றார். பிறகு அப்பாவிடம், "அண்ணை, உங்களுக்கு ஓய்வு எப்ப?" என்று கேட்டார்.

"இன்னும் நாலு வருசம் இருக்குய்யா."

"அப்ப நாலு வருசத்தில வாரும்."

குவார்ட்டர்ஸ் முழுக்க மறுநாள் ஒரு செய்தி பரவியிருந்தது. ஸ்கிரிப்ட் செத்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. "என் மக கொடி வச்சான்னா, முதலாளியே தொட முடியாது." விரல் மஞ்சள் போகாமலே அப்பா அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மண்டபத்தில் அப்பா முதலில் விசாரித்தது மாப்பிள்ளையை அல்ல, சைக்கிள் கடை அத்தையை. யாரைக் கேட்டாலும் காட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அந்த அம்மாவிடம் போய் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் ஒன்றும் புரியாமல், ஆனால் நிறைவாக, ஆசீர்வாதம் செய்தார்.

அதன் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும், எந்த வரியில் தடுக்கி விழுந்தாலும் கொடி முதலில் இறங்கிவிடுகிற மாதிரி எழுதுகிறேன். இப்போது பெரிய அலுவலகத்தில், பெரிய இயந்திரங்களில். படம் மட்டும் அதே மிளகாய்தான். கூட வேலை செய்பவர்கள் நல்ல கொடியாக ஒன்று வரைந்து தருகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்றுவிடுவேன்.

அப்பாவுக்கு இப்போது ஓய்வு. மதியம் சோறு சாப்பிட்டதும் நாளிதழில் படம் பார்க்கிறேன் என்று சாய்வு நாற்காலியில் சாய்வார். ஐந்து நிமிடத்தில் தாள் முகத்தின் மேல் இறங்கிவிடும். அம்மா என்னைத் தட்டிக் காட்டுவார்: "பாரு, கொடி மட்டும்தான் இருக்கு. அடியில ஆள் இல்ல."

நான் சிரித்துக்கொண்டே தாளை எடுக்கக் கை நீட்டுவேன்.

தாளுக்கு அடியிலிருந்து குரல் வரும்: "இருந்திருந்தா?"